சரி, பார்த்துக்கறேன்

அந்த லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் பகல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் டெஸ்க் அக்கா. மேனேஜர் மேடமே அப்படித்தான் கூப்பிடுவார். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தாலும் தகவல் அவளுக்கு வரும். பன்னிரண்டு மெக்கானிக்குகளில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கு அவள் மெசேஜ் போடுவாள். போனவர் பார்த்துவிட்டு நிலவரத்தை எழுதுவார். அதற்கு அவளிடமிருந்து 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் அவர் அந்த இடத்தை விட்டு நகரலாம். 'சரி' வராமல் நகர்ந்தால் வேலை போய்விடும். இது கம்பெனியின் முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் மர ரேக்காகச் சுவரில் தொங்கியது. ஆபீஸுக்குள் வேலை செய்யும் எட்டுப் பேருக்கு எட்டு அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு சார்ஜர். மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் போனை அவரவர் அறையில் வைத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஆறுக்கு மேல் ராத்திரி டெஸ்க் பார்த்துக்கொள்ளும். ராத்திரி டெஸ்க் என்றால் தடித்த கண்ணாடி போட்ட ஒரு மனிதர், அவருக்கென்று தனி நம்பர். முன்பு பகல் டெஸ்க்கில் இருந்தவர் வீட்டுக்குப் போகும் வழியில் மெசேஜ் தட்டிக்கொண்டே நடந்து, எதிரே வந்த சைக்கிளில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். அன்றைக்கு மேடம் தச்சரைக் கூப்பிட்டு அந்த ரேக்கை அடிக்கச் சொன்னார். "போன் ஆபீஸ்ல தூங்கட்டும். நீங்க வீட்டுல தூங்குங்க" என்றார். இதைவிட நல்ல வார்த்தையை எந்த மேலதிகாரி வாயிலிருந்து கேட்க முடியும், சொல்லுங்கள்.

நம் டெஸ்க் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கீழே விழுந்து உயிரைவிட்ட பழைய ஆபீஸ் போன் ஒன்று அவள் டிராயரில் கிடந்தது. அதே மாடல், அதே கறுப்பு உறை. ஆறு மணிக்கு அந்தச் செத்த போனை ஏழாம் நம்பர் அறையில், உடைந்த முகம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவாள். சார்ஜரைக்கூட மறக்காமல் சொருகுவாள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவாள். உயிருள்ள போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஏழு மாதம் மறைத்தாள்.

முதல் நாள் உண்மையிலேயே மறதிதான். அவளைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும். வைக்க மறந்து பையில் வந்துவிட்ட போன், வீட்டில் சமையல் மேடையில் இருந்தபடி அதிர்ந்தது. ஒரு மெக்கானிக் பழைய வழக்கத்தில் அவளுக்கே எழுதியிருந்தான். ராத்திரி டெஸ்க்குக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். அவள் அடுத்த நிமிஷமே பதில் போட்டாள். "அக்கா, நீங்க தெய்வம். கண்ணாடிக்காரர்னா அட்ரஸையே ரெண்டு தடவை கேப்பார்" என்று அவன் எழுதினான். பகல் முழுக்க நூறு பேருக்கு வழி சொன்னாலும் ஒரு வாய் நன்றி கிடைக்காத நாற்காலி அது. அந்த ஒரு வரி அவளுக்கு இனித்தது. மறுநாள் போன் மறதியாக வரவில்லை.

பிறகு பன்னிரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆறு மணிக்கு மேல் யாரும் ராத்திரி டெஸ்க் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எல்லாம் அக்காதான். தட்டில் சாப்பாடு ஆறும், அக்கா பதில் எழுதுவாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பது போல, மெசேஜ் வராத வேளையிலும் அவளே கேட்டு எழுதுவாள்: "முடிஞ்சுதா?" "அங்க நிலவரம் என்ன?" இது யார் கேட்ட கேள்வி, எதற்கு? தான் இல்லாவிட்டால் அந்த ஊரில் ஒரு லிஃப்டும் மேலே ஏறாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எவ்வளவு சுகமானது என்பது அது இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் அவளுக்கு ஒரு கணவர், ஒரு மகள். கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், சாயங்காலம் சீக்கிரம் வந்து சமையலையும் முடித்துவிடுவார். மகளுக்குப் பத்து வயது, வாய் அதற்கு மேல். போன் அதிரும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"அம்மா, தம்பி அழறான். எடு."

முதலில் மூன்று பேரும் சிரித்தார்கள். போகப் போக மகள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், சிரிக்காமல்.

டெஸ்க் அக்காவின் வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. காலையில் மடக்கினால் மடங்காது, மடங்கினால் நிமிராது. டாக்டர் பட்டை போட்டுவிட்டு, விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். கணவர் தினமும் அந்த விரலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவுவார். தடவிக்கொண்டே மேடத்தைத் திட்டுவார்.

"மனுஷங்களா அவங்க? பொழுது சாஞ்சப்புறமும் ஒருத்தியை விட மாட்டாங்களா? ஒரு நாள் நேர்ல போய் நல்லா கேக்கப்போறேன்."

"வேணாங்க. வேலைன்னா அப்படித்தான்" என்பாள் அவள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவள். குத்துகிறது, குடைகிறது என்று திட்டு வாங்கியது மேடம். அவளுக்கு அது உறுத்தாமல் இல்லை. ஆனால் கணவர் விரலைப் பிடித்திருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் அவள் போனில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தாள். குளிக்கப் போகும்போது அதைப் போட்டுவிட்டால், யார் மெசேஜ் அனுப்பினாலும் போன் தானாகவே பதில் எழுதிவிடும். என்ன எழுத வேண்டும் என்று அவளே தட்டி வைத்தாள்: 'சரி, பார்த்துக்கறேன்.' குளித்துவிட்டு வந்து வந்ததையெல்லாம் பார்த்து ஆளை அனுப்புவாள். பத்து நிமிஷம்கூட அவள் இல்லை என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

மகளுக்கு நீச்சல் பரீட்சை வந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, நகராட்சி நீச்சல் குளத்தில். நீளவாக்கில் நான்கு முறை நிற்காமல் நீந்தினால் நீலப் பட்டை கொடுப்பார்கள். குளத்தருகே போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று சட்டம்.

"தம்பி வர முடியாதுல்ல? அப்போ நீ வா" என்றாள் மகள்.

அந்தப் பேச்சைக் கேட்டபிறகு போகாமல் இருக்க முடியுமா? போனாள். லாக்கரில் போனை வைக்கும்போது அந்த வசதியைப் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம்தானே, குளியல் கொஞ்சம் நீளம் என்று நினைத்துக்கொண்டாள். நான்காவது முறையின் பாதியில் மகள் திணறியபோது அவள் எழுந்து நின்று கத்தினாள், பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு. மகள் கரைச் சுவரைத் தொட்டுவிட்டாள். நீலப் பட்டையை வாங்கிக்கொண்டு ஈரத்தோடு வந்து கட்டிக்கொண்டாள். அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்குக் கட்டைவிரல் வலிக்கவே இல்லை.

எட்டே காலுக்கு லாக்கரைத் திறந்தாள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு நெட்டையன் எழுதியிருந்தான். நெட்டையன் என்றால் மெக்கானிக்குகளில் உயரமானவன், நல்ல வேலைக்காரன். 'அக்கா, பல் ஆஸ்பத்திரி பில்டிங், லிஃப்ட் கதவு லாக் சரியில்ல. ஸ்பேர் இல்ல. மெயினை அணைச்சுட்டேன். நாளைக்கு மாத்தற வரைக்கும் போடக் கூடாதுன்னு பில்டிங் ஆபீஸுக்குச் சொல்லிடுங்க.' அதற்குக் கீழே, அதே நிமிஷத்தில், அவளுடைய போனின் பதில்: 'சரி, பார்த்துக்கறேன்.' நெட்டையன் நம்பி அடுத்த வேலைக்குப் போய்விட்டான். ஏழு மணிக்கு வாட்ச்மேன் மாறினான். புதிதாக வந்தவன் லிஃப்ட் ஓடாததைப் பார்த்து, யாரோ தெரியாமல் அணைத்துவிட்டார்கள் என்று மெயினைப் போட்டுவிட்டான். அப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்ட ஒரு பெண்மணி, வாய் நிறையப் பஞ்சோடு மூன்றாவது மாடியில் ஏறினார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. அவர் மணியை அழுத்தினார், மைக்கில் பேசினார். வாட்ச்மேன் காதில் விழுந்ததெல்லாம் 'ம்ம், ம்ம்' மட்டும்தான். லைன் கோளாறு என்று விட்டுவிட்டான். ஐம்பது நிமிஷம் கழித்துத் தரை துடைக்கிற அம்மாவுக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே எடுத்தபோது அந்தப் பெண்மணி மயங்கிக் கிடந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. அந்த மட்டும் நிம்மதி.

இவ்வளவையும் கம்பெனி குரூப்பில் படித்துவிட்டு அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது நெட்டையனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் அழிச்சுட்டேன்."

"எதைடா?"

"நம்ம மெசேஜை. நீங்களும் அழிச்சுடுங்க. காலைல மேடம் விசாரிக்கறாங்க. யாருக்கும் சொல்லாம கிளம்பிட்டேன், மறந்துட்டேன்னு சொல்லிடறேன்."

"உன் வேலை போயிடும்டா."

"போனா போகட்டும். நான் வேற எங்கயாச்சும் போய் ஒட்டிக்குவேன். நீங்க போனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது தெரிஞ்சா உங்க கதி என்ன ஆகும்? என் குழந்தை குறைமாசத்துல பொறந்து ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டியில கிடந்தப்போ இருபத்தோரு நாளு எனக்கு ஷிஃப்ட் மாத்திக் கொடுத்தீங்க. மறப்பேனா?"

வைத்துவிட்டான். அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு மாதம். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய குழந்தை. அது டெஸ்க் அக்காவுக்கு நன்றாகத் தெரியும், அந்த நாட்களுக்கு ஷிஃப்ட் போடுவதே அவள்தானே. அவள் விரல் அழிக்கிற பொத்தான் வரைக்கும் போயிற்று. போய் அங்கேயே நின்றது. மகள் ஈரத் தலையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

காலை பத்து மணிக்கு விசாரணை. மேடத்தின் அறையில் நெட்டையன் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் ராத்திரி டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். விசாரணை நோட்டில் எழுதுவது எப்போதும் டெஸ்க் அக்காதான், அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கும் நோட்டை அவள் முன்னால்தான் நகர்த்தினார்கள்.

"ராத்திரி டெஸ்க்குக்கு ஏன் சொல்லல?" என்று மேடம் கேட்டார்.

"மறந்துட்டேன் மேடம்."

"'சரி' வாங்காமயே கிளம்பினியா?"

"ஆமா மேடம்."

"நாலு வருஷத்துல உன் மேல ஒரு புகார் கிடையாது. எனக்கே மனசு வரல. ஆனா இதுல நான் சலுகை காட்டினா நாளைக்கு ஒரு உசிரு போகும்" என்றார் மேடம். பிறகு டெஸ்க் அக்கா பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க அக்கா. 'சரி' வராமலே இடத்தை விட்டுப் போனதா ஒத்துக்கிட்டார்."

அவள் எழுதினாள். "சரி வராமலே" வரைக்கும் எழுதினாள். அந்த இரண்டு வார்த்தையும் அவளுடைய கையெழுத்தில், முத்து முத்தாக, அவளைப் பார்த்தன. அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"விரல் வலிக்குதா? குடுங்க, நான் எழுதறேன்" என்றார் மேடம்.

"விரல் இல்ல மேடம். இது பொய்."

"அக்கா, சும்மா இருங்க" என்றான் நெட்டையன்.

அவள் எழுந்து வெளியே போனாள். ரேக்கில் ஏழாம் நம்பர் அறையில் இருந்ததை எடுத்தாள், கைப்பையில் இருந்ததையும் எடுத்தாள். இரண்டையும் கொண்டுவந்து மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேடம் முதலாவதன் பொத்தானை அழுத்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"அது செத்துப்போனது மேடம். ஏழு மாசமா அதைத்தான் வச்சிட்டுப் போறேன். உயிரோட இருக்கறது எங்கூட வீட்டுக்கு வருது. இவருக்கு 'சரி' வந்துச்சு. நான் அனுப்பல, போன் தானா அனுப்புச்சு. அப்படி அனுப்பச் சொல்லி வச்சது நான்." அழிக்காமல் வைத்திருந்த மெசேஜைத் திறந்து காட்டினாள்.

மேடம் அதைப் படித்தார். கோபத்தில் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

"உங்களை யாரு எடுத்துட்டுப் போகச் சொன்னது? நானா?"

"இல்ல மேடம்."

"மெக்கானிக்குங்க கேட்டாங்களா?"

"கேக்கல. நான்தான் அவங்களைப் பழக்கினேன்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு மாசமா சாயங்காலத்துல எனக்கு போனே வர்றதில்லம்மா. முதல்ல லிஃப்டெல்லாம் திருந்திடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பயந்துட்டேன். வேலையே இல்லாத ஆளு எதுக்குன்னு என்னைத் தூக்கிடுவாங்களோன்னு. வீட்டுல கூட சொல்லல" என்றார். "அட்ரஸை ரெண்டு தடவை கேக்கறேன்னு சிரிப்பீங்களாமே. தப்பான பில்டிங்குக்கு ஆள் போயிடக் கூடாதேன்னுதான் கேக்கறேன்."

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதரைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் மேடம். "ஏழு மாசம் வீட்டுலேருந்து பதில் போட்டிருக்கீங்க. அதுல உங்களால மட்டும்தான் முடியும், இவரால முடியாதுன்னு ஒரு மெசேஜ் உண்டா?"

டெஸ்க் அக்கா நிஜமாகவே யோசித்தாள். ஆறிப்போன சாப்பாடுகள் ஞாபகத்துக்கு வந்தன. பாதியில் நின்ற பேச்சுகள், சிரிக்காமல் 'தம்பி அழறான்' என்ற மகள். ஒவ்வொரு மெசேஜாகப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்ல மேடம்" என்றாள். அழுதுவிட்டாள்.

நெட்டையனுக்கு வேலை தப்பியது. லிஃப்டில் எச்சரிக்கைப் பலகை மாட்டாமல் போனதற்கும், மெசேஜை அழித்துப் பொய் சொன்னதற்கும் எழுத்தில் கண்டிப்பு. டெஸ்க் அக்கா ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு வந்தால் டெஸ்க் கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் வேலை. அங்கே போனே கிடையாது. இன்னொன்றும் மேடம் சொன்னார்: "அந்த அம்மாவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க."

போனாள். கன்னம் வீங்கிய அந்தப் பெண்மணி கதவைப் பாதி திறந்து, அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். வாயை அதிகம் திறக்க முடியாமல் மெதுவாகப் பேசினார்.

"மணியை அழுத்திக்கிட்டே இருந்தேன். யாரோ ஒருத்தர் இதைப் பார்த்துக்கத்தானே உட்கார்ந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

மன்னிச்சுடுங்க என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் படியில் இறங்கி நடந்தாள். கை இரண்டு தடவை தானாகக் கைப்பைக்குள் போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது.

வீட்டில் கணவர் வழக்கம்போல மருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரலைப் பிடித்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அந்த மேடம் இன்னிக்கு..."

"ஏங்க, அவங்களைத் திட்டாதீங்க." அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். செத்த போன், ரேக், பல் பிடுங்கிய அம்மா, நெட்டையன், கண்ணாடிக்காரர். ஒன்றையும் விடவில்லை.

கணவர் மருந்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"அப்போ இத்தனை நாளா நான் அந்தம்மாவைத் திட்டினதெல்லாம்?"

"எனக்குச் சேர வேண்டியது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று அவள் பயந்தாள். எழுந்தார், ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். "எனக்குக் கோவம் இருக்கு. சீக்கிரம் போகாது" என்றார். சொல்லிவிட்டு அவள் விரலை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவினார், கொஞ்சம் அழுத்தியே.

ஏழு மணி ஆயிற்று. வீட்டில் ஒன்றும் அதிரவில்லை. அந்த அமைதி மகளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், நீலப் பட்டையைக் கையில் கட்டியபடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, தம்பி எங்க?"

"ஆபீஸ்ல தூங்க வச்சுட்டு வந்தேன்."

"நீ இல்லாம அழமாட்டானா?"

"அழுவான்" என்றாள் அவள். "பார்த்துக்க அங்க ஆள் இருக்கார்."

மகள் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வந்து, மருந்து இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.